மலைநாட்டு வானும் மனிதக் கண்ணும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வழக்காடு மன்றத்துக்கு உரியதாகக் கருதப்படும் இம்மொழியை இருபதாம் நூற்றாண்டில் உயிரைப் பணயம் வைத்துக் கற்றுக்கொண்டவர்கள் விமானிகளே. அவ்வரலாற்றின் துயர்மிக்க ஓர் அத்தியாயம் நமது மலைநாட்டில், தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே எழுந்து நிற்கும் ஏழு கன்னியர் மலையில் எழுதப்பட்டது. அதன் முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைநாட்டில் கண் மயங்குதல் புதிதன்று. சிவனொளிபாத மலையின் உச்சியில் நின்று சூரியோதயத்தைக் காண்போர், மேற்கே விழும் மலையின் நிழல் பிசகற்ற முக்கோணமாக இருப்பதைக் கண்டு வியப்பர். மலையின் வடிவம் அந்நிழலுக்குக் காரணமன்று. மிக நீண்டு செல்லும் எந்த நிழலும், இருப்புப்பாதையின் இரு தண்டவாளங்களும் தொலைவில் ஒன்றாகக் குவிவது போலக் குவிந்தே தோன்றும். சில வேளைகளில் மூடுபனி மேலெழ, அந்நிழல் தரையிலிருந்து எழுந்து காண்போர் முன் திரைபோல நிற்பதுமுண்டு. இக்காட்சியை நேரிற்கண்ட வானிலை ஆய்வாளர் ரால்ஃப் அபர்குரோம்பி, 1880களில் இதனை விளக்கி அறிவியற் கட்டுரை எழுதினார். மலையுச்சியில் நிற்பவனுக்கு இம்மயக்கம் வியப்பைத் தருகின்றது. விமானிக்கோ அதுவே ஆபத்தாகின்றது. ஓடுபாதையின் இரு விளிம்புகளும் தொலைவில் குவியும் வடிவத்தைக் கொண்டே அவன் தன் உயரத்தை மதிப்பிடுகிறான். ஓடுபாதை மேல்நோக்கிச் சாய்ந்திருப்பின், தான் மிக உயரத்தில் இருப்பதாக எண்ணி, இறங்கவேண்டிய அளவினும் தாழ இறங்கிவிடுவான்.

வானிற் பறக்கத் தொடங்கிய முதல் ஆண்டுகளில், தேர்ந்த விமானி மேகத்துக்குள்ளும் தன் உடலுணர்வைக்கொண்டே விமானத்தைச் செலுத்தவல்லவன் என்ற நம்பிக்கை நிலவியது. அமெரிக்கத் தரைப்படை விமானியான வில்லியம் ஓக்கர் 1926ஆம் ஆண்டு சுழல்நாற்காலியில் அமர்ந்து சோதிக்கப்பட்டபோது, கண் மறைக்கப்பட்ட நிலையில் தான் எத்திசையிற் சுழல்கிறான் என்பதைக்கூட மனிதன் அறியமாட்டான் என்பது தெளிவாயிற்று. நிலையான தொடுவானம் கண்ணுக்குப் புலப்படாதவிடத்து, உட்செவியின் சமநிலை உணர்வு பொய்யுரைக்கின்றது. 1929 செப்டெம்பர் 24 அன்று ஜிம்மி டூலிட்டில் வெளியே எதனையும் காணாது, கருவிகளை மட்டும் நோக்கி விமானத்தை எழுப்பி, பறந்து, தரையிறக்கினார். கண்ணையும் உடலையும் ஒதுக்கிக் கருவியை நம்புக என்பது அன்றுமுதல் விமானியின் முதற்பாடமாயிற்று.

இரண்டாம் உலகப் போர் இப்பாடத்தை விரிவாக்கியது. இரவில் அணிவகுத்துப் பறந்த விமானிகள், முன்செல்லும் விமானத்தின் ஒற்றை விளக்கை உற்றுநோக்கியபோது, அது அங்குமிங்கும் அலைவதாகக் கண்டனர். 1799இல் தெனெரீஃப் தீவின் மலையில் நின்ற அலெக்சாந்தர் ஹம்போல்ட், விண்மீன்கள் அலைவதாகக் கண்டு பதிவுசெய்ததும் இதே தோற்றமே. அது கண்ணின் மயக்கம் என்பது பின்னரே நிறுவப்பட்டது. இருளுக்குக் கண் பழக அரைமணி நேரமாகும் என்பதால், இரவு விமானிகள் புறப்படுமுன் செந்நிறக் கண்ணாடி அணிந்திருந்தனர். கரட் தின்றமையாலேயே பிரித்தானிய விமானிகள் இரவில் எதிரியைக் கண்டனர் என்ற கதை பரப்பப்பட்டதும் அக்காலத்திலேயே. அவர்களுக்கு உண்மையிற் கைகொடுத்தது விமானத்திற் பொருத்தப்பட்ட ராடார். நுவரெலியாத் தோட்டக்காரர் இக்கதையைக் கேட்டு மகிழலாம், விமானி நம்பலாகாது.

அப்போரில் இலங்கையைக் காத்ததில் கண்ணுக்கும் பங்குண்டு. 1942 ஏப்ரல் 4 அன்று, கொக்கலையிலிருந்து கற்றலினா விமானத்திற் சென்ற கனேடிய விமானி லெனாட் பேர்ச்சல், இலங்கையை நோக்கி வந்த யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த நாள் கொழும்பு தாக்கப்பட்டது. வெறுமையான வானையும் கடலையும் நோக்கும் கண், பற்றுக்கோடு எதுவுமின்றித் தன் குவியத்தை மிக அண்மைக்கு இழுத்துக்கொள்ளும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. இதனை எண்ணும்போது பேர்ச்சலின் காட்சி மேலும் பெறுமதியுடையதாகின்றது.

போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படைத் தளமாயிருந்த நீர்கொழும்புத் தளமே பின்னர் கட்டுநாயக்க விமான நிலையமாயிற்று. 1974 டிசெம்பர் 4 அன்று இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த நெதர்லாந்தின் மார்ட்டினெயர் டிசி-8 விமானம் அந்நிலையத்தை நோக்கித் தாழ்ந்துகொண்டிருந்தது. இரவு பத்து மணியளவில், நிலையத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ நாற்பது கடல்மைல் தொலைவில், நோட்டன் பிரிட்ஜை அடுத்த ஏழு கன்னியர் மலையில் அது மோதியது. யாத்திரிகர் 182 பேரும் பணியாளர் 9 பேருமாக 191 பேரும் மாண்டனர்.

விமானக் குழுவினர் தாம் நிற்குமிடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என விசாரணை முடிவுசெய்தது. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் சார்ந்திருந்தமை தவறான பொருள்கொள்ளலுக்கு இடமளித்தது என்பதும் அதன் கருத்தாகும். ஈண்டு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. கண் பொய்யுரைக்கும் என்பதற்காகவே விமானி கருவியிடம் சென்றான். ஆனால் கருவியின் குறியீட்டைப் படிப்பதும் மனித மனமே. நிலையம் அண்மையில் உளது என மனம் ஒருமுறை முடிவுசெய்துவிட்டால், திரையிற் காண்பனவெல்லாம் அம்முடிவுக்குச் சான்றாகவே தோன்றும். மலைநாட்டின் இரவோ அந்நம்பிக்கையை மறுக்கும் விளக்கு எதனையும் காட்டாது. இம்மயக்கம் விழித்திரையில் நிகழ்வதன்று, கருத்தில் நிகழ்வது.

இதற்கு மூன்று நாள் முன்னர், டிசெம்பர் 1 அன்று, அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலும் ஒரு பயணிகள் விமானம் இவ்வாறே மலையில் மோதி 92 பேர் இறந்தனர். அதனைத் தொடர்ந்து, தரை நெருங்குவதைக் குரலால் எச்சரிக்கும் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களிற் பொருத்துமாறு அந்நாடு அதே மாதத்தில் ஆணையிட்டது. நேர் கீழேயுள்ள தரையை மட்டும் அளந்த அக்கருவி, செங்குத்தாக எழும் மலையை முன்கூட்டி உரைக்கப் போதாததாயிற்று. 1979 நவம்பர் 28 அன்று அந்தாட்டிக்காவின் எரபஸ் மலையில், வெண்பனியும் வெண்மேகமும் ஒன்றாய்த் தோன்ற, எதிரே நின்ற சரிவைக் காணாது நியூசிலாந்து விமானம் மோதி 257 பேர் மாண்டனர். உலகின் நிலவடிவத்தையே நினைவிற்கொண்டு, முன்னால் நிற்கும் மலையைச் சுட்டும் கருவி 1990களிலேயே பயனுக்கு வந்தது.

புனிதப் பயணம் புறப்பட்ட 182 பேரின் முடிவைத் தலைவிதி எனக் கூறி அமைதல் எளிது. வரலாறு அவ்வாறு அமைய விடாது. இன்றைய விமானம் மலையை முன்னறிகிறதெனில், அவ்வறிவின் விலையை முன்னரே செலுத்தியவர்களுள் அவர்களும் அடங்குவர். கண்ணும் கருவியும் கூறுவதைத் தனித்தனியே நம்பாது ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்குவதே தீர விசாரித்தலாகும். விமானிக்கு மட்டுமன்றி, சான்றுகளைக்கொண்டு உண்மை தேடும் ஆய்வு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஏழு கன்னியர் மலை உணர்த்தும் பாடம் இதுவே.