பிக்கப் வண்டிகளில் டீசல் பொறி மாற்றம்

பிக்கப் வண்டிகளில் டீசல் பொறி மாற்றம் என்பது பெட்ரோலில் ஓடும்படி தயாரிக்கப்பட்ட பழைய பிக்கப் வண்டி ஒன்றின் பொறியை நீக்கிவிட்டு, வேறொரு வண்டியிலிருந்து எடுக்கப்பட்ட டீசல் பொறியை அதில் பொருத்துவதாகும். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வழக்கம் பரவலாக உள்ளது. 1960கள் முதல் 1980கள் வரை வெளிவந்த ஃபோர்டு, செவ்ரோலே, டாட்ஜ் வண்டிகளே பெரும்பாலும் இதற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பொறியை இறக்கி ஏற்றுவது இவ்வேலையில் சிறு பகுதியே ஆகும். பிரேக்கு, கியர்ப் பெட்டி, பின் அச்சு, எரிபொருள் குழாய்கள் ஆகியவற்றைப் புதிய பொறிக்கு ஏற்ப மாற்றுவதிலேயே உழைப்பும் பணமும் மிகுதியாகச் செல்கின்றன.

வரலாறு

அமெரிக்க பிக்கப் வண்டிகளில் டீசல் பொறி முதலில் நற்பெயர் பெறவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஓல்ட்ஸ்மொபைல் பிரிவு 1978ஆம் மாதிரி ஆண்டில் 5.7 லிட்டர் வி8 டீசல் பொறியை வெளியிட்டது. டீசல் பொறியின் உயர்ந்த அழுத்தத்திற்கு அதன் தலைப்பகுதியைப் பிணைத்த மரையாணிகள் ஈடுகொடுக்கவில்லை. 1985இல் அப்பொறி கைவிடப்பட்டது. அதற்குள் உரிமையாளர்கள் பலர் அதைக் கழற்றிவிட்டுப் பெட்ரோல் பொறியைப் பொருத்திக்கொண்டனர். அதாவது, அக்காலத்தில் பொறி மாற்றம் எதிர்த்திசையில் நடந்தது.

1982இல் வந்த 6.2 லிட்டர் டீசல் பொறி டீசலுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. கியர்ப் பெட்டியுடன் இணையும் அதன் முகப்பு செவ்ரோலே பெட்ரோல் வி8 பொறியின் முகப்பை ஒத்திருந்ததால், பழைய செவ்ரோலே வண்டிகளில் அதை எளிதாகப் பொருத்த முடிந்தது. ஆனால் அதன் திறன் சுமார் 130 குதிரைத்திறன் மட்டுமே.

திருப்பம் 1989ஆம் மாதிரி ஆண்டில் ஏற்பட்டது. டாட்ஜ் தன் பிக்கப் வண்டியில் கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் ஆறு உருளைப் பொறியை அளிக்கத் தொடங்கியது. அதன் திறன் 160 குதிரைத்திறன். முறுக்குவிசையோ சுமார் 540 நியூட்டன் மீட்டர். இழுவை வேலைக்கு இதுவே முக்கியம். அவ்வண்டிகள் துருப்பிடித்தும் மோதியும் பழைய இரும்புக்கு வந்தபோதும் பொறிகள் நல்ல நிலையிலேயே இருந்தன. இன்றைய பொறி மாற்ற வழக்கம் இந்த மிச்சத்திலிருந்தே பெரிதும் வளர்ந்தது. இந்தியாவில் டாடா சரக்குந்துகளில் பயன்பட்ட, ஜம்சேத்பூர் டாடா கம்மின்ஸ் ஆலையின் 5.9 லிட்டர் பொறியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

பயன்படும் பொறிகள்

கம்மின்ஸ் 6பிடி எனப்படும் மேற்சொன்ன ஆறு உருளைப் பொறியும், அதன் நான்கு உருளை வடிவமான 3.9 லிட்டர் 4பிடியும் மிகுதியாக விரும்பப்படுகின்றன. இரண்டிலும் உருளை விட்டம் 102 மி.மீ., வீச்சு 120 மி.மீ. ஆகையால் உதிரிப் பாகங்கள் பல பொதுவானவை. 4பிடி பொறி, கடைகளுக்கு ரொட்டி கொண்டு செல்லும் பெட்டி வண்டிகளிலிருந்து கிடைக்கிறது. சிறிய வண்டிகளுக்கு மெர்சிடிஸ்-பென்ஸ் ஓஎம்617, ஃபோக்ஸ்வேகன் டிடிஐ, இசுசூ பொறிகளும் பொருத்தப்படுகின்றன.

1998ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய கம்மின்ஸ் பொறிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. அவற்றின் எரிபொருள் பம்பு முற்றிலும் இயந்திர முறையில் இயங்குவது. எரிபொருளை நிறுத்தும் வால்வுக்கு ஒரு மின்கம்பி இருந்தால் போதும், பொறி ஓடும். பின்னர் வந்தவற்றுக்குக் கட்டுப்பாட்டுக் கணினியும் உணரிகளும் அவற்றின் கம்பித் தொகுதியும் தேவை. பழைய வண்டியில் இவற்றைப் புகுத்துவது எளிதன்று.

1989-1998 ஆறு உருளைப் பொறிகளில் ஒரு குறை பேர்போனது. முன்புறப் பற்சக்கர உறையிலுள்ள சிறு எஃகு முளை அதிர்வினால் மெல்ல நழுவி, சக்கரங்களுக்கிடையே விழுந்து உறையையே உடைத்துவிடக்கூடும். முளை வெளியேறாதபடி அதன் வாயில் சிறு தகடு ஒன்றை முடுக்கிவிடுவதே தீர்வு. பொறி வண்டிக்குள் இறங்குமுன் இதைச் செய்துவிடுவது வழக்கம்.

மாற்ற வேண்டியவை

எடை: ஆறு உருளைப் பொறி ஏறத்தாழ 500 கிலோகிராம் எடையுள்ளது. செவ்ரோலேயின் வழக்கமான சிறிய வி8 பெட்ரோல் பொறியின் எடை சுமார் 260 கிலோகிராம் மட்டுமே. எனவே முன் வில்களை வலுப்படுத்த வேண்டும். நான்கு உருளைப் பொறி சுமார் 340 கிலோகிராம்தான். ஆனால் சமன் தண்டுகள் இல்லாததால் கடுமையாக அதிரும். தவறான தாங்கிகளில் அமர்த்தினால் அடிச்சட்டம் முழுவதும் நடுங்கும்.

பிரேக்கு: கவனக்குறைவால் உயிருக்கே ஆபத்து விளையும் இடம் இது. பெட்ரோல் பொறியில் காற்றை மட்டுப்படுத்தும் தடுப்பிதழ் உண்டு. அதனால் உள்ளிழு குழாயில் பகுதி வெற்றிடம் உண்டாகிறது. பிரேக்கு மிதியின் அழுத்தத்தைப் பெருக்கும் கருவி அவ்வெற்றிடத்தைக் கொண்டே இயங்குகிறது. இப்பொறிகளில் தடுப்பிதழ் இல்லை, வெற்றிடமும் இல்லை. வண்டி முன்னைவிடக் கனமாகியிருக்கும் நிலையில் பிரேக்கின் துணை அற்றுப்போகிறது. ஆகவே தனி வெற்றிட பம்பு பொருத்த வேண்டும், அல்லது ஸ்டீயரிங் பம்பின் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கருவிக்கு மாற வேண்டும். சில வண்டிகளில் குளிர், வெப்பக் காற்றின் திசையை மாற்றும் கதவுகளும் வெற்றிடத்தால் இயங்குவதால் அவையும் அசையாது நின்றுவிடும்.

பல்லிணை விகிதம்: டாட்ஜ் வண்டியில் வந்த முதல் கம்மின்ஸ் பொறி நிமிடத்திற்கு 2,500 சுற்றுகளில் முழுத் திறனை எட்டியது; அதற்கு மேல் வேகக் கட்டுப்படுத்தி எரிபொருளைக் குறைத்துவிடும். 31 அங்குல விட்டமுள்ள சக்கரமும் 4.10 பின் அச்சு விகிதமும் கொண்ட வண்டி, நேரடி மேல் கியரில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லப் பொறி சுமார் 2,760 முறை சுழல வேண்டும். இது அவ்வெல்லையைக் கடந்தது. 3.54 விகிதத்தில் சுமார் 2,390 சுற்றுகள் போதும். மிகைவேகக் கியர் உள்ள பெட்டி இருப்பின் பொறி மேலும் நிதானமாக ஓடும். இதைக் கணக்கிடாமல் பொருத்தப்பட்ட வண்டிகள் நெடுஞ்சாலையில் பயன்படுவதில்லை.

எரிபொருள்: எஞ்சிய டீசல் தொட்டிக்குத் திரும்ப ஒரு குழாய் அமைக்க வேண்டும். ஈயமற்ற பெட்ரோல் வண்டிகளின் நிரப்பு வாய் குறுகலானது. டீசல் நிலையக் குழல் அதனுள் நுழையாது. அதையும் மாற்ற வேண்டும்.

செலவும் பயனும்

லிட்டருக்கு 5 கி.மீ. ஓடிய வண்டி மாற்றத்திற்குப் பின் 8 கி.மீ. ஓடுகிறது எனக் கொள்வோம். ஆண்டுக்கு 16,000 கி.மீ. ஓட்டுபவருக்கு 1,200 லிட்டர் மிச்சமாகும். 5,000 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு 375 லிட்டரே மிச்சம். 2004க்குப் பின் ஐக்கிய அமெரிக்காவில் டீசல் விலை பெட்ரோல் விலையைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே இருந்து வருவதால் இம்மிச்சமும் சுருங்குகிறது. எரிபொருள் சிக்கனத்தை மட்டும் கருதிப் பொறி மாற்றுவது பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது. குதிரை வண்டியையோ படகையோ மலைச்சாலையில் இழுப்பவர்களுக்கும், நல்ல உடற்கூடுள்ள பழைய வண்டியை நெடுங்காலம் வைத்திருக்க விரும்புபவர்களுக்குமே இது ஏற்றது.

சட்ட நிலை

1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தின்கீழ், புகைக் கட்டுப்பாட்டு அமைப்பைச் சிதைப்பது குற்றமாகும். மாற்றப்பட்ட வண்டி, அதே மாதிரி ஆண்டிலோ அதற்குப் பின்னரோ சான்று பெற்ற அமைப்பு ஒன்றை ஒத்திருக்க வேண்டும் என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிலைப்பாடு. 1980ஆம் ஆண்டு வண்டியில் 1975ஆம் ஆண்டுப் பொறியைப் பொருத்த இதனால் இடமில்லை. மாநில விதிகள் வேறுபடுகின்றன. கலிபோர்னியாவில் 1975ஆம் மாதிரி ஆண்டும் அதற்கு முந்தையதுமான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. சோதனைக்கு உட்பட்ட வண்டியில் பொறி மாற்றப்பட்டிருந்தால் அதை நடுவர் நிலையத்தில் காட்டி ஒப்புதல் பெற வேண்டும்.