கரண்ட் வைத்தால் கல்லீரல் தாங்குமா?

புற்றுநோய் என்றால் "கரண்ட் வைப்பாங்க" என்று நம் ஊரில் சொல்வோம். கதிர்வீச்சு சிகிச்சைக்குத்தான் அந்தப் பெயர். தொண்டை, மார்பகம், கர்ப்பப்பை வாய் என்று பல இடங்களுக்கும் வைக்கிறார்கள். ஆனால் கல்லீரல் புற்றுநோய்க்கு மட்டும் மருத்துவர்கள் வெகுகாலம் தயங்கினார்கள். ஏன்? அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளிலேயே அது புற்றுநோய் சிகிச்சைக்கு வந்துவிட்டது. கல்லீரல் கதிர்வீச்சை நன்றாகத் தாங்கும் உறுப்பு என்றே பல காலம் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை உடைத்தது 1965-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இருந்து வந்த ஓர் ஆய்வு. இங்கோல்டு, ஹென்றி காப்ளான் முதலானோர் எழுதியது. முழுக் கல்லீரலுக்கும் கதிர்வீச்சு பெற்ற 40 பேரைப் பார்த்தார்கள். 13 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு! 35 கிரே அளவுக்கு மேல் பெற்ற 27 பேரில் மட்டும் 12 பேர். (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு.) சிகிச்சை முடிந்து சில வாரங்களில் கல்லீரல் வீங்கும், வயிற்றில் நீர் கோர்க்கும். கல்லீரலுக்குள் இருக்கும் சிறு ரத்தக்குழாய்கள் அடைபடுவதுதான் காரணம் என்று 1966-ல் ரீடும் காக்ஸும் காட்டினார்கள்.

இது நல்ல கல்லீரலின் கதை. கல்லீரலிலேயே தொடங்கும் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கனவே சிரோசிஸ் இருக்கும். அதாவது மஞ்சள் காமாலைக் கிருமியாலோ (ஹெபடைடிஸ் பி, சி) குடியாலோ கல்லீரல் தழும்பேறி இறுகிப் போயிருக்கும். மிச்சம் இருக்கும் கொஞ்ச நல்ல பகுதியை வைத்துத்தான் உடம்பு ஓடுகிறது. அதிலும் கதிர் பட்டால்? கட்டி சுருங்கினாலும் கல்லீரல் செயலிழந்து நோயாளி இறந்து போகலாம்.

அப்படியென்றால் யாருக்கு எவ்வளவு தாங்கும்? இதற்கு உதவியது அறுவை சிகிச்சைக்காக உருவான ஓர் அளவுகோல். 1964-ல் சைல்டும் டர்கோட்டும் தொடங்கியதை 1973-ல் பியூ திருத்தினார். பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்று நீர், மனக்குழப்பம் ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். ஏ ஓரளவு நல்ல நிலை. சி மோசம்.

இன்னொரு பக்கம் சி.டி. ஸ்கேனும் கம்ப்யூட்டரும் வந்தன. முழுக் கல்லீரலையும் சுடாமல் கட்டியை மட்டும் குறிவைக்க முடிந்தது. 1991-ல் எமாமி குழு முழுக் கல்லீரலுக்கு 30 கிரே, மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் என்றால் 50 கிரே என்று வரம்பு சொன்னது. 1995-ல் ஸ்டாக்ஹோமில் பிளாம்கிரனும் லாக்ஸும், சில தடவைகளிலேயே அதிக அளவைத் துல்லியமாகச் செலுத்தும் முறையை வெளியிட்டார்கள். இன்று அதை எஸ்.பி.ஆர்.டி. என்கிறோம்.

2022-ல் ஒரு பெரிய சோதனையின் முடிவு வந்தது. சோராஃபெனிப் மாத்திரை மட்டும் எடுத்தவர்களின் சராசரி ஆயுள் 12.3 மாதம். எஸ்.பி.ஆர்.டி.யும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 15.8 மாதம். பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அதில் சேர்க்கப்பட்டவர்கள் ஏ வகுப்பினர் மட்டுமே.

ஆக, இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான். கட்டி எவ்வளவு பெரியது என்பது பாதிக் கேள்வி. கட்டி இல்லாத மிச்சக் கல்லீரல் எப்படி இருக்கிறது என்பதுதான் மீதி. நம் வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்தால், "கரண்ட் வைக்கலாமா டாக்டர்?" என்பதோடு நிறுத்தாமல் "இவர் ஏ-வா, பி-யா, சி-யா?" என்றும் கேட்போம்.