கிட்டங்கி: சுவர் இல்லாத விடுதி

கிட்டங்கி என்றால் நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் மூட்டை அடுக்கும் இடம்தான் ஞாபகம் வரும். சிங்கப்பூரில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது. செட்டிநாட்டிலிருந்து கப்பலேறிப் போன நகரத்தார் தங்கிய வீடு அது. விடுதியும் அதுதான், வட்டிக்கடையும் அதுதான்!

1819-ல் ராஃபிள்ஸ் அங்கே ஆங்கிலேயரின் துறைமுகத்தைத் தொடங்கினார். அடுத்த சில வருடங்களிலேயே நகரத்தார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முதலில் பாய்மரக் கப்பல், பிறகு நீராவிக் கப்பல். 1926-ல் கட்டிய 'ரஜூலா' கப்பலைப் பற்றி உங்கள் தாத்தா காலத்து ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கலாம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல வருடங்கள் ஓடியது. இறங்கியவர்கள் போய்த் தங்கியது மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில்.

சரி, உள்ளே எப்படி இருக்கும்? நீளமான கூடம். தனி அறை கிடையாது, கட்டில் கிடையாது. ஒரே கூரையின் கீழ் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் தரையில் கொஞ்சம் இடம், ஒரு மேசைப்பெட்டி, ஒரு அலமாரி. அவ்வளவுதான். பகலில் பெட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கடன் கொடுப்பார்கள். ராத்திரி அங்கேயே பாய் விரித்துப் படுப்பார்கள்.

ஒவ்வொரு கடையும் ஒரு குடும்பத்தின் சொத்து. முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். அங்கே கடையை நடத்துவது சம்பளத்துக்குப் போன ஏஜெண்ட். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள். பெட்டியடிப் பையனுக்கு நம்மைவிடக் குறைந்த வயதுகூட இருக்கும். அவனுக்கு ஸ்கூல், ஹாஸ்டல், வேலை மூன்றும் அந்தக் கூடம்தான். கணக்கு எழுதவும் ஆளை எடை போடவும் அங்கேதான் கற்றுக்கொண்டான்.

சுவர் இல்லாததுதான் இதில் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. யார் கடன் கேட்டு வந்தார், யார் திருப்பித் தரவில்லை என்பதெல்லாம் பக்கத்துப் பெட்டிக்காரருக்குத் தெரிந்துவிடும். இன்று பேங்க்குகள் கம்ப்யூட்டரில் பார்க்கும் விவரத்தை அவர்கள் பக்கத்துப் பாயில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. ஒரு முறை போனால் சுமார் மூன்று வருடம். மனைவியை, குழந்தைகளை அழைத்துப் போகும் வழக்கம் இரண்டாம் உலகப் போர் வரை அநேகமாக இல்லை. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்த்து வியக்கிறோமே, அவற்றுக்குப் பணம் சேர்த்தவர்களில் பலர் கடல் தாண்டி ஒரு பாய் அகல இடத்தில் படுத்துக் கிடந்தவர்கள்.

போருக்குப் பிறகு குடும்பங்கள் அங்கே குடியேறத் தொடங்கின. பேங்க்குகள் பெருகின. குடிவரவுச் சட்டங்கள் இறுகின. 1970-களில் நகரச் சீரமைப்புக்காக அரசு நிலத்தை எடுத்துக்கொண்டபோது மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளும் போயின. நகரத்தார் 1859-ல் டேங்க் ரோட்டில் கட்டிய தண்டாயுதபாணி கோயிலில் இன்றும் தைப்பூசம் நடக்கிறது. மார்க்கெட் தெருவில் இப்போது நிற்பவை உயரமான ஆபீஸ் கட்டடங்கள்.

சாமிக்குக் கட்டியது நிலைத்துவிட்டது. மனிதர்கள் படுத்து எழுந்த இடம்தான் சீக்கிரம் மறந்துபோகிறது. உங்கள் ஊரில் இப்படி ஏதாவது பழைய விடுதியோ சத்திரமோ இருந்தால், இடிப்பதற்குள் அங்கே தங்கிய பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வையுங்கள்.