மரக்குற்றமும் மின் கித்தாரும்

இசைக்கருவி வாங்குவோன் எதைப் பார்த்து வாங்குதல் வேண்டும் என்னும் கேள்வி தமிழுக்குப் புதிதன்று. திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியில், காந்தருவதத்தையோடு இசைப்போர் புரியவந்த சீவகன் பாடத் தொடங்குமுன் செய்யும் முதற்காரியம் கருவியை ஆராய்தலே. முன்வைக்கப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாக நோக்கி, இது நீரில் நின்ற மரம், இது அழுகியது, இது வெந்தது, இது இடிவிழுந்தது எனக் குற்றம் கூறித் தள்ளுகின்றான். நரம்பையும் அவன் விடவில்லை. முறுக்கைப் பிரித்து, உள்ளே கிடந்த மயிரை அவையோர்க்குக் காட்டுகின்றான். கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நரம்பின் பகை நான்கெனப் பழைய உரைகள் வகுக்கும். இவையெல்லாம் புலவர் கற்பனையின் அழகுக்காக வந்தவை என்று கருதுவோர், பழைய கருவியொன்றை விலைபேசி வாங்கிப் பார்த்தாரில்லை போலும்.

சிலாங்கூரின் வடபகுதித் தோட்டங்களுக்கு இக்கேள்வி வேறு உருவில் வந்தது. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தை உருவாக்கியவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே. மலேயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அவர் 1917இல் தென்னமாரத்தில் நட்டதேயாகும். பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அது 'தென்னைமரம்' என்பது தமிழர்க்கு விளங்கும். செம்பனையின் வரலாறு தென்னையின் பெயரில் தொடங்கியது ஒரு வேடிக்கை. தோட்டத் தமிழரைத் தம் நூலில் இடம்பெறச் செய்த அவர், 'மலேசியா' என்னும் புதினத்துக்காக 1930இல் கோன்கூர் பரிசு பெற்றார்.

லயத்து வீடுகளில் வாழ்ந்தோர்க்குத் தப்பும் உறுமியும் சொந்த மண்ணிலிருந்து உடன்வந்தவை. தோலும் மரமும் கிடைத்தால் கருவி தயார், கடைக்காரன் வேண்டியதில்லை. ஆர்மோனியம் அப்படிப்பட்டதன்று. 1840இல் பாரிசில் தெபேன் என்பார் உரிமை பெற்ற அக்கருவி, கல்கத்தாவில் துவாரகநாத் கோஷின் பட்டறையில் கைத்துருத்தி பெற்று, நாடக மேடைக்கும் பசனை மடத்துக்கும் பரவியது. அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடைவிதித்தது. கமகம் பேசாத கருவி என்பது குற்றச்சாட்டு. அதில் உண்மை உண்டு. எனினும் கோயில் திண்ணையில் அமர்ந்து பாடும் தொழிலாளிக்கு அதைவிட எளிதில் சுருதி தரவல்லது எது?

மின் கித்தாரோ விலையாலேயே தொலைவில் நின்றது. 1930களின் தொடக்கத்தில் பீச்சம், ரிக்கன்பேக்கர் ஆகியோர் அமெரிக்காவில் அமைத்த கருவியில், நரம்பின் அதிர்வைக் காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் மின்துடிப்பாக மாற்றின. 1954இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விலை 249 டாலர் 50 காசு. அந்நாளைய மாற்று வீதத்தில் ஏறத்தாழ 760 மலாயா வெள்ளி. பால்மரம் சீவுவோரின் நாட்கூலி ஒற்றை இலக்கத்தைத் தாண்டாத காலம் அது. உண்ணாமல் உடுக்காமல் மூன்று மாதம் சேர்த்தாலும் எட்டாத தொகை.

1961இல் கிளிஃப் ரிச்சர்டும் 'தி ஷேடோஸ்' குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்தபின் தீபகற்பமெங்கும் கித்தார்க் குழுக்கள் எழுந்தன. 'பாப் யே யே' என்று வழங்கிய அலை இது. பினாங்குத் தமிழரான லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் 'அலிகேட்ஸ்' குழு இதன் பின்னர்ப் புகழ் பெற்றது. அவர்கள் மலாய்ப் பாட்டால் நாட்டையே ஈர்த்தனர். புதிய கருவிக்கு வசதியில்லாத இளைஞர்க்கு இரண்டு வழிகளே இருந்தன: டெய்ஸ்கோ, குயாட்டோன் போன்ற ஜப்பானிய மலிவுக் கித்தார், அல்லது ஒருவர் வாசித்து விற்றது. மின்னாக்கி ஓடும் நேரத்தில் மட்டும் விளக்கெரிந்த தோட்டத்தில், ஒலிபெருக்கி இல்லாது முணுமுணுக்கும் கருவியை வாங்குவதற்கு எத்துணை ஆசை வேண்டும்!

பழையது மலிவு என்பது எக்காலத்தும் உண்மையன்று. 1965இல் சி.பி.எஸ். நிறுவனம் ஃபெண்டரை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதன்பின் செய்நேர்த்தி குன்றியது என்ற எண்ணம் வாசிப்போரிடையே பரவ, அதற்கு முற்பட்ட கருவிகளைத் தேடத் தொடங்கினர். 1970இல் எரிக் கிளாப்டன் நாஷ்வில் நகரக் கடையொன்றில் யாரும் நாடாது கிடந்த பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் ஆறினைச் சொற்ப விலைக்கு வாங்கினார். மூன்றை நண்பர்க்குக் கொடுத்தார். எஞ்சிய மூன்றின் நல்ல உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கினார். 'பிளாக்கி' எனப்பட்ட அது 2004இல் 9,59,500 டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவரின் புகழும் அவ்விலையில் அடங்கும்; ஆயினும் முதற்கண் அவருக்கு உதவியது புகழன்று, எது தேறும் எது தேறாது என்றறிந்த கண்.

அக்கண் நோக்குபவை சீவகன் நோக்கியவற்றிலிருந்து அதிகம் விலகியிருக்கவில்லை. கழுத்து மரம் வளைந்துள்ளதா என்று தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடி நோக்குதல் வேண்டும். சிறு வளைவை உள்ளிருக்கும் இரும்புக் கோலைத் திருகி நிமிர்த்தலாம். முறுக்கேறிய மரத்துக்கு மருந்து அரிது. தலை கழுத்தோடு சேருமிடத்தில் ஒட்டிய விரிசல் மறைந்திருக்கும்; வண்ணப் பூச்சு அதற்கு முகமூடி. மெட்டுகள் குழிந்திருந்தால் மாற்றும் செலவை விலையில் கழிக்க வேண்டும். 12ஆம் மெட்டில் நரம்பை அழுத்தி ஒருமுறையும், விரலால் மெல்லத் தொட்டு ஒருமுறையும் மீட்டினால் இரண்டும் ஒரே சுருதியாக ஒலித்தல் வேண்டும். மாறினால் பாலத்தைச் சரிசெய்து பார்க்கலாம். அதன்பின்னும் மாறுமாயின் மெட்டோ கழுத்தோ பழுது. பற்றுவைப்புக்கு மேல் பற்றுவைப்பு இருப்பின், உள்ளுறுப்பு மாற்றப்பட்டதோ என்று ஐயுறுதல் தகும்.

மலாக்கா நீரிணையின் உப்புக்காற்று வீசும் தஞ்சோங் காராங், ஜெரம் முதலிய கரையோர ஊர்களில் இன்னொரு குற்றமும் கூடும். துரு திருகாணியிலும் ஆணிமுனைகளிலும் முதலில் தோன்றி, பின்னர் ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழைத் திருப்பும்போது கரகரக்கும். அது தூசியாலும் வரலாம். தூசியாயின் சிறு தொகையில் தீரும். விற்பவன் அதனைப் பெரும்பழுதாக எண்ணி விலை குறைப்பதும், வாங்குபவன் அறியாது அஞ்சி ஓடுவதும் ஒருங்கே நிகழ்கின்றன.