4.6 செக்கனும் 4.7 செக்கனும்

அமெரிக்கர் 'மசில் கார்' என்று அழைக்கும் வண்டியின் இலக்கணம் எளிது: நடுத்தர அளவுக் காரில் பெரிய காருக்குரிய இயந்திரத்தைப் பொருத்தி, இளைஞருக்குக் கட்டுப்படியான விலையில் விற்பது. இவ்வகைக்கு வழி திறந்தது 1964ஆம் ஆண்டின் பொன்ரியாக் ஜி.ரி.ஓ. என்பர். பிற்காலத்தில் அதே பெயரெடுத்தது 1987ஆம் ஆண்டின் பியூயிக் ஜி.என்.எக்ஸ். இரண்டும் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் பிள்ளைகள். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட முன்னதற்கு 4.6 செக்கனும் பின்னதற்கு 4.7 செக்கனும் பிடித்ததாகக் 'கார் அண்ட் ட்ரைவர்' சஞ்சிகை அந்தந்த ஆண்டுகளில் எழுதியது. அப்படியாயின் 23 ஆண்டுகளில் அமெரிக்கப் பொறியியல் நகரவே இல்லையா? செய்தி அறையில் எண்களோடு காலம் கழித்த எனக்கு, விடை அந்த எண்களின் பின்னணியில்தான் இருப்பதாகப் படுகிறது.

நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இயந்திரத்தைப் பொருத்தலாகாது என்பது அன்று ஜெனரல் மோட்டர்ஸின் விதி. பொன்ரியாக்கின் தலைமைப் பொறியியலாளர் ஜோன் டிலோரியனும் சகாக்களும் அதற்கொரு சந்து கண்டனர். 389 கன அங்குல இயந்திரத்தைப் புதிய காராக அன்றி, வாங்குவோர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் மேலதிக வசதியாக அறிவித்தனர். முதலாண்டிலேயே 32,450 வண்டிகள் விற்பனையாகின.

விற்பனைக்குத் துணை நின்றது 1964 மார்ச் இதழின் கட்டுரை. ஃபெராரி ஜி.ரி.ஓ.வுடன் ஒப்பிட்ட அக்கட்டுரைக்காக இரு கார்களும் ஒருங்கே ஓடவில்லை. சோதனைக்கு அனுப்பிய பொன்ரியாக் வண்டிகளுள் ஒன்றில் 421 கன அங்குல இயந்திரம் இரகசியமாகப் பொருத்தப்பட்டிருந்ததை, விளம்பரப் பொறுப்பாளர் ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படுத்தினார். கட்டுரையைப் படித்து ஜி.ரி.ஓ. வாங்கிய இளைஞருக்கு அவ்வியந்திரம் கிடைத்ததில்லை.

பின்னர் காலம் மாறியது. 1970இல் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1973இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. 1975இல் எரிபொருள் சிக்கனத்துக்குச் சட்டம் பிறந்தது. பெரிய இயந்திரங்களின் காலம் மங்கியது. ஜி.என்.எக்ஸ். இக்கட்டுப்பாடுகளுக்கு இடையே உருவானது. அதன் இயந்திரம் 3.8 லீற்றர், ஆறு சிலிண்டர் கொண்டது, ஜி.ரி.ஓ.வினதோ 6.4 லீற்றர், எட்டு சிலிண்டர். வெளியேறும் புகையின் விசையால் சுழன்று மேலதிகக் காற்றை உள்ளே தள்ளும் டர்போ அமைப்பு அந்தக் குறையை ஈடுசெய்தது. கறுப்பு நிறத்தில் மட்டும் 547 வண்டிகளே உருவாயின.

குதிரைவலுவையும் நேரடியாக ஒப்பிட இயலாது. ஜி.ரி.ஓ.வின் 325, மின்பிறப்பாக்கி முதலிய துணைக் கருவிகள் இல்லாத வெற்று இயந்திரத்தில் அளந்த கணக்கு. 1972 முதல், காரில் உள்ளவாறே துணைக் கருவிகளுடன் அளக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. ஜி.என்.எக்ஸின் 276 அவ்வழி வந்தது. அதுவும் குறைத்துச் சொல்லப்பட்டதே என்பது பலரின் கருத்து.

ஆகவே பொறியியல் நகராமல் இல்லை. பாதியளவுக்குச் சற்றே கூடிய இயந்திரம், சட்டங்களுக்குக் கட்டுப்பட்டவாறே, களவாகப் பொருத்திய பெரிய இயந்திரத்துக்கு 0.1 செக்கனே பின்னால் வந்திருக்கிறது. அச்சில் இரு எண்களும் அருகருகே சமமாகத் தெரிகின்றன. எண்ணைக் கேட்டறியும் செய்தியாளர், அளந்தவர் யார், எதை அளந்தார் என்பதையும் கேட்டாக வேண்டும்.