பூனையிடம் சொல்லிப் பார்த்த சொல்

எஸ்பராந்தோ பாஷையில் எனக்கு இப்போது மிஞ்சியிருப்பவை நாற்பது ஐம்பது வார்த்தைகள்தாம். சில வருஷங்களுக்கு முன் ஒரு பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு சிரத்தையாகத்தான் ஆரம்பித்தேன். சமாதானம், சகோதரத்துவம், மனிதகுலம் என்று அந்தப் பாஷைக்காரர்களுக்குப் பிரியமான பெரிய சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். அவற்றில் ஒன்றும் தங்கவில்லை. தங்கியவை வேறு. பால், லக்தோ. எலி, மூசோ. மீன், ஃபிஷோ. வா, வேனு. தூங்குகிறது, தோர்மாஸ். கூடாது, நே. தொப்பம்பட்டியில் நான் குடியிருக்கும் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. பாங்கிலிருந்து திரும்பியதும் பால் ஊற்றும்போதும், நாற்காலியிலிருந்து இறக்கிவிடும்போதும் அதனிடம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் நின்றன. மற்றவை நோட்டோடு போயின.

வீட்டுக்கார ஆத்தா ஒருநாள், “பூனைகிட்ட என்ன இங்கிலீசுங்களா பேசறீங்க?” என்று கேட்டார். இங்கிலீஷ் இல்லை, ஒரு டாக்டர் உட்கார்ந்து உண்டாக்கின பாஷை என்றேன். “எதுல பேசினாத்தான் என்னங்க, அது சோத்து நேரத்துக்கு வந்துரும்” என்றார். ஆத்தா கேலியாகச் சொன்னதுதான். ஆனால் உண்டாக்கப்பட்ட பாஷைகளின் சரித்திரத்தைப் பார்த்தால், அவற்றில் எது பிழைத்தது, எது செத்தது என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. சோற்று நேரத்துக்குள் நுழைந்த பாஷை பிழைத்தது. மாநாட்டோடு நின்றது செத்தது.

யொஹான் மார்ட்டின் ஷ்லேயர் என்ற ஜெர்மன் கத்தோலிக்கப் பாதிரியார் 1879ல் வோலாப்யூக் என்ற பாஷையை வெளியிட்டார். தூக்கம் வராத ஓர் இரவில் கடவுளே இதைத் தமக்கு உணர்த்தியதாக அவர் நம்பினார். பத்து வருஷங்களுக்குள் ஐரோப்பாவெங்கும் சங்கங்கள், பத்திரிகைகள். 1889ல் பாரிஸில் கூடிய மூன்றாவது மாநாடு முழுக்க அந்தப் பாஷையிலேயே நடந்தது. உச்சமும் அதுதான், சரிவின் தொடக்கமும் அதுதான். இலக்கணத்தைத் திருத்த வேண்டும் என்று ஒரு கட்சி. கடைசி வார்த்தை தம்முடையதுதான் என்று ஷ்லேயர். பாஷை யாருடையது என்ற வழக்கில் பாஷையே காலியாயிற்று.

ஸாமென்ஹாஃபின் புத்திசாலித்தனம் இலக்கணத்தில் மட்டும் இல்லை. பியாலிஸ்டாக்கில் 1859ல் பிறந்த யூதர், கண் வைத்தியர். 1887ல் வார்ஸாவில், ‘டாக்டர் எஸ்பராந்தோ’ என்ற புனைபெயரில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். எஸ்பராந்தோ என்றால் நம்பிக்கையோடு இருப்பவன். அதில் இருந்தவை சுமார் 900 வேர்ச்சொற்கள்தாம். இந்தப் பாஷை எவனொருவனின் சொத்தும் அல்ல, எனக்கு இதில் உரிமை எதுவும் இல்லை என்று அந்த முதல் புத்தகத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். மிச்ச வார்த்தைகளை உபயோகிக்கிறவர்கள் செய்துகொள்ளட்டும் என்று விட்டதால்தான் அது வீடுகளுக்குள் போக முடிந்தது.

அப்படிப் போன வழியில் முக்கியமானவர் ஆந்திரேயோ செஹ். அவரும் பாதிரியார், ட்ரான்ஸில்வேனியாக்காரர். 1920ல் ஸிபியு நகரில் அவர் வகுப்புக்கு வந்தவர்கள் ருமேனியன், ஹங்கேரியன், ஜெர்மன் என்று வேறு வேறு பாஷைக்காரர்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாடப்புத்தகம் கிடையாது. ஆகவே அவர் புத்தகமும் இல்லாமல், மொழிபெயர்ப்பும் இல்லாமல் சொல்லிக்கொடுத்தார். எதிரே இருக்கும் பொருளைக் காட்டுவார். இது என்ன என்பார். வகுப்பு சேர்ந்து பதில் சொல்லும். பெஞ்சு, தொப்பி, கை, பெரியது, பெரியதல்லாதது. இலக்கணம் என்ற பேச்சே இல்லாமல் இலக்கணம் வந்து சேரும். 1930ல் ஹேக் நகரில் இந்த முறைக்கென்று ஒரு நிறுவனமே ஏற்பட்டது.

ஸாமென்ஹாஃபின் மகள் லிதியா இந்த முறையில்தான் ஐரோப்பிய நாடுகளிலும், பிறகு 1937, 38ல் அமெரிக்காவிலும் வகுப்பு நடத்தினார். அங்கே தங்க மேற்கொண்டு அனுமதி கிடைக்காமல் போலந்து திரும்பினார். 1942ல் ட்ரெப்ளிங்காவில் கொல்லப்பட்டார். மனிதகுலம் என்ற சொல் எந்தப் பாஷையில் இருந்தும் அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் ஹிட்லரும் ஸ்டாலினும் இந்தப் பாஷைக்காரர்களைத் தேடித் தேடி ஒழித்த பிறகும் பாஷை மிஞ்சியது. அதற்குள் அதைத் தாய்ப்பாஷையாகக் கேட்டு வளர்ந்த குழந்தைகள் இருந்தார்கள். மாநாட்டுக்குத் தடை போடலாம். குழந்தைக்குப் பால் புகட்டும்போது சொல்லும் வார்த்தைக்கு யாரும் தடை போட முடியாது.

நம் பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. சாந்திநிகேதனைச் சேர்ந்த லக்ஷ்மீஸ்வர் சின்ஹா கைத்தொழில் கல்வி கற்க ஸ்வீடனுக்குப் போய், அங்கே எஸ்பராந்தோவையும் கற்றுக்கொண்டு, அதிலேயே எழுதினார். தாகூரின் கதைகளை அதில் மொழிபெயர்த்தார். வங்காளியான மொழியியல் அறிஞர் ப்ரபால் தாஸ்குப்தா 2007 முதல் 2013 வரை அந்தப் பாஷையின் உலகச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார்.

ஒரு தமிழனுக்கு அந்தப் பாஷை அவ்வளவு அந்நியமும் இல்லை. பூனை, காத்தோ. பூனைகள், காத்தோய். பூனையை, காத்தோன். பூனைகளை, காத்தோய்ன். முதலில் பன்மை, அதன் பின் வேற்றுமை. தமிழ் ஒட்டும் அதே வரிசை. ஐரோப்பியப் பாஷைகளின் வேர்களை எடுத்துக்கொண்டு அவற்றை ஏறக்குறைய நம் முறையில் ஒட்டவைத்திருக்கிறார் வார்ஸா வைத்தியர். ஆனால் பூனைக்குட்டி என்ற இடத்தில் இரண்டும் பிரிகின்றன. எஸ்பராந்தோவில் ‘ஈத்’ என்ற ஒரு விகுதி எல்லாக் குட்டிகளுக்கும் போதும்: காத்தோவின் குட்டி காத்தீதோ, நாயாகிய ஹுந்தோவின் குட்டி ஹுந்தீதோ, மாடாகிய போவோவின் கன்று போவீதோ. தொல்காப்பிய மரபியலோ இளமைக்கு மட்டும் ஒன்பது பெயர்களை வரிசைப்படுத்துகிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. காட்டுப்பூனையாகிய வெருகும் எலியும் அணிலும் கீரி வகையான மூங்காவும் குட்டி என்ற பெயர் பெறும், அவற்றைப் பறழ் என்றாலும் தவறில்லை என்கிறது. வெருகையும் எலியையும் ஒரே சூத்திரத்தில் படுக்கவைத்த இலக்கணக்காரனை நினைத்துச் சிரிக்கலாம். ஆனால் அந்த ஒன்பதும் யாரோ உட்கார்ந்து செய்த பட்டியல் அல்ல. பல தலைமுறைகள் பிராணிகளோடு ஒரே முற்றத்தில் இருந்ததன் மிச்சம். ஒரு விகுதி தர்க்கத்தின் லாபம்; ஒன்பது பெயர் வாழ்க்கையின் சேமிப்பு. எஸ்பராந்தோ லாபத்தோடு ஆரம்பித்துப் பிறகு சேமிக்க வேண்டியிருந்தது.

ஹீப்ருவின் கதை இதற்கு நேர் எதிர். அது பழைய சேமிப்பு நிறைய உள்ள பாஷை. ஆனால் அதில் அன்றாடச் செலவுக்குச் சில்லறை இல்லை. ஜெபத்துக்கு வார்த்தை உண்டு, துவாலைக்கு இல்லை. எலியேஸர் பென் யெஹூதா 1881ல் ஜெருசலேம் வந்தார். 1882ல் பிறந்த மகனின் காதில் ஹீப்ரு தவிர வேறு பாஷை விழக்கூடாது என்று தீர்மானித்தார். பொம்மை, ஐஸ்கிரீம் என்று வீட்டில் தேவைப்பட்டதற்கெல்லாம் சொல் செய்தார். ஊரில் அந்தப் பையனோடு ஹீப்ருவில் பேசி விளையாட வேறு பையன்கள் இல்லை. பேச்சுத் துணைக்கு இருந்தது ஒரு நாய். ஒரு குழந்தையின் தனிமையை விலையாகக் கொடுத்து வாங்கிய புத்துயிர் அது. இந்தக் கொடுமையை மறந்துவிட்டு பென் யெஹூதாவை நம் மேடைகளில் உதாரணம் காட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அப்படிப்பட்டவரும் எல்லாச் சொல்லிலும் ஜெயிக்கவில்லை. தக்காளிக்கு அவர் சொன்ன ‘பதூரா’வை ஜனங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு ஆபாசமாகப் பட்ட ‘அக்வானியா’தான் சந்தையில் நின்றது.

தக்காளி என்றதும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட் நினைவுக்கு வருகிறது. கூடை கூடையாக வந்து இறங்கும் இந்தக் காய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. இதற்குப் பெயர் வைக்க இங்கே எந்தக் குழுவும் கூடவில்லை. வேலியோரத்தில் ஏற்கெனவே தெரிந்திருந்த மணத்தக்காளியைப் பார்த்தார்கள். புதியதைத் தக்காளி என்றார்கள். மிளகாயும் அப்படித்தான். மிளகுபோல உறைக்கும் காய், மிளகாய். சொல் செய்தவன் பெயர் தெரியாது. ஏனென்றால் அவன் அதைச் சொல்லிக்கொண்டே குழம்பு வைத்துக்கொண்டிருந்தான். வைத்துக்கொண்டிருந்தாள் என்பதே சரி.

பெயர் தெரிந்தவர்களின் கதை 1916ல் தொடங்குகிறது. அந்த வருஷம் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்க ஒரு சங்கமும் அதற்கொரு பத்திரிகையும் ஆரம்பித்தார்கள். அதே வருஷம் பல்லாவரத்தில் தனித்தமிழ் பிறந்தது. அது பிறந்ததாகச் சொல்லப்படும் இடம் தோட்டத்தில் நடந்த ஒரு பேச்சு. வள்ளலார் பாடலில் வரும் ‘தேகம்’ என்ற சொல் ‘யாக்கை’ என்று இருந்திருக்கலாமே என்று மகளிடம் அப்பா சொல்கிறார். வேதாசலம் மறைமலையானார். மகள் நீலாம்பிகை 1937ல் வடசொற்களுக்குத் தமிழ்ச் சொல் தரும் அகராதியே வெளியிட்டார். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒப்புக்கொள்ள வேண்டும்: சேலத்தில் பிறந்தது காரியாலயத்தில் பிறந்தது, பல்லாவரத்தில் பிறந்தது வீட்டில் பிறந்தது. நம் காலத்தில் நமஸ்காரம் வணக்கம் ஆனதும், விவாகம் திருமணம் ஆனதும் வீட்டு வாசல்வரை வந்துவிட்ட மாற்றங்கள். ஆனால் யாக்கை அங்கேயே நின்றுவிட்டது. உடம்பு சரியில்லை என்றுதான் இன்னும் லீவு கேட்கிறோம்.

நான் உட்காரும் கவுண்டரில் இந்தச் சரித்திரம் தினமும் நடக்கிறது. அச்சடித்த படிவத்தில் காசோலை, வரைவோலை. எதிரே நிற்பவர் வாயில் செக்கு, டீடீ. ஆனால் நகைக்கடனை யாரும் வேறு பெயரால் கேட்பதில்லை. “நகைக்கடனுக்கு இப்ப வட்டி எவ்வளவுங்க?” கழுத்திலிருந்து கழற்றி வைக்கும்போது சொல்ல வேண்டிய சொல் அது. கையைவிட்டுப் போவது எதுவோ அதற்கு மனிதர்கள் தங்கள் பாஷையில் பெயர் வைத்துக்கொள்கிறார்கள்.

தமிழனே ஒரு பாஷையைப் புதிதாக உண்டாக்கியதும் நம் நாட்களில் நடந்துவிட்டது. மதன் கார்க்கி ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டிருந்தபோது பகுதி நேரமாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார். அந்தக் குழந்தைகளோடு விளையாட்டாக ‘க்ளிக்’ என்று ஒரு பாஷையை ஆரம்பித்தார். மின் என்றால் நான். அதைத் திருப்பி நிம் என்றால் நீ. நல்லதுக்கு போனா, கெட்டதுக்கு மல்போனா என்று ஒரே முன்னொட்டால் எதிர்ச்சொல் செய்த ஸாமென்ஹாஃப் இதைக் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார். 2015ல் ‘பாகுபலி’ படத்தில் அது சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளுமாகக் கிலிக்கி ஆயிற்று. 2020 பிப்ரவரி 21ல், உலகத் தாய்மொழி நாளில், அதைக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. ஆனால் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து பேசிய பாஷை, திரையில் யுத்தத்துக்கு வந்த காட்டுமிராண்டிகளின் கூச்சலாகத்தான் ஊருக்கு அறிமுகமாயிற்று. கோடிப் பேர் கேட்டார்கள். ஒருவரையொருவர் பயமுறுத்த உபயோகித்தார்கள். மின், நிம் என்ற அந்த நெருக்கமான இரண்டு சொற்கள் யார் வீட்டிலும் குடியேறவில்லை. விளம்பரத்தால் பாஷை பரவும் என்று நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

வைஷ்ணவர்களிடம் ஒரு பழைய விவாதம் உண்டு. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். முக்தி எந்த நியாயப்படி என்று வடகலையும் தென்கலையும் பிரிந்தன. சொற்களின் விஷயத்தில் எனக்குச் சந்தேகமில்லை. பாடப்புத்தகத்துச் சொல்லை நாம் பற்றிக்கொண்டு தொங்குகிறோம். கை சளைத்ததும் விழுந்துவிடுகிறோம். வீட்டுச் சொல் நம்மைக் கவ்விக்கொண்டு போகிறது.

இதையெல்லாம் இந்தப் பத்திரிகையில் எழுதக் காரணம் எஸ்பராந்தோ அல்ல. நாமும் ஒரு செயற்கை மொழியில்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். படிமம், இருத்தலியம், அமைப்பியல், அந்நியமாதல். முந்நூறு பிரதிகளுக்குள் பிறந்து முந்நூறு பேருக்குள் பரிமாறிக்கொள்ளும் சொற்கள். நமக்கும் ஷ்லேயர்கள் உண்டு; எந்தச் சொல் சரி என்று இதழுக்கு இதழ் வழக்கு உண்டு; அதனால் உடைந்த நட்புகளும் உண்டு. பல்கலைக்கழகத்துப் பண்டிதர்களைக் கேலி செய்தோம். நம் சொற்கள் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன என்று கேட்டுக்கொள்ளவில்லை.

என் அப்பா காலமானபோது பதினாறு நாளும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரிடமும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. நான் பத்து வருஷமாக எழுதிவந்த ‘வெறுமை’ என்ற சொல் ஒருமுறைகூட வாயில் வரவில்லை. “வீடே வெறிச்சுனு இருக்குதுங்க” என்றுதான் சொன்னேன். சொன்ன பிறகுதான், வெறுமை பற்றி நான் எழுதிய கட்டுரைகளில் இந்த ‘வெறிச்’ ஒரு வரியில்கூட இல்லை என்று உறைத்தது. அந்தக் கட்டுரைகளை எடுத்துப் படித்துப் பார்த்தேன். மொழிபெயர்ப்புப்போல இருந்தன, மூலம் எந்தப் பாஷையிலும் இல்லாத மொழிபெயர்ப்பு.

புதுச் சொல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தக்காளியும் ஒருநாள் புதுச் சொல்தான். ஆனால் செய்தவன் அதை வைத்துச் சமைக்கவும் வேண்டும். அடுத்த இதழுக்கு ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுத ஒப்புக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்ததும், வீட்டில் நான் யாரிடமும் சொல்லியிராத சொற்களை அடிக்கோடிட்டுப் பார்ப்பதாக இருக்கிறேன். அவற்றை எடுத்துவிட்டால் கட்டுரையில் என்ன மிஞ்சும் என்று இப்போதைக்குத் தெரியவில்லை.