மழை நாளில் கழிவுநீர் ஏன் வீட்டுக்குள் திரும்புகிறது? செப்டிக் டேங்குக்கு எந்த வால்வு தேவை?

பேகம்பேட்டில் 2000 ஆகஸ்ட் 24 அன்று ஒரே நாளில் சுமார் 24 செ.மீ. மழை பதிவானது. 2020 அக்டோபர் வெள்ளத்தின்போது சுமார் 19 செ.மீ. இப்படிக் கொட்டும் நாளில், நாலாவை ஒட்டிய தாழ்வான வீடுகளுக்குத் தண்ணீர் வாசல் வழியா மட்டும் வருவதில்லை. பாத்ரூம் வழியாகவும் ஏறும்.

வெளியே சாக்கடையின் நீர்மட்டம் வீட்டுப் பைப்பைவிட உயர்ந்துவிட்டால், கழிவுநீர் போன வழியிலேயே திரும்பும். செப்டிக் டேங்க் இருக்கும் வீடும் தப்பாது, குறிப்பாக டேங்கிலிருந்து வெளியேறும் பைப்பை மழைநீர் வடிகாலில் விட்டிருந்தால். (விடக் கூடாது. ஆனா பல ஊர்களில் விட்டிருக்கிறார்கள்.)

பிளம்பரிடம் "ஒரு வால்வு போடுங்க" என்று சொல்வதற்கு முன், எதற்காக என்று முடிவு பண்ணுங்க.

திரும்பி வருவதைத் தடுக்க

இதற்கு நான்-ரிட்டர்ன் வால்வு. உள்ளே ஒரு மூடி தொங்கும். வெளியே போகும் நீர் அதைத் திறக்கும், திரும்பி வரும் நீர் மூடிவிடும். துணி, நாப்கின் சிக்கினால் மூடாது. அதனால் திறந்து சுத்தம் செய்ய வசதியாக சேம்பருக்குள் வைக்க வேண்டும், மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டும். இன்னொன்று: மூடி அடைத்திருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. அப்போது வாஷிங் மெஷினைப் போட்டால் வெள்ளம் உங்களுடையதுதான்.

திசையை மாற்ற

இது வேறு வேலை. டேங்கில் கசடு தங்கிவிட, மேலே தெளியும் நீர் உறிஞ்சுகுழிக்குப் போகிறது. எப்போதும் ஈரமாகவே இருக்கும் குழியில் பாக்டீரியாப் படலம் படிந்து மண்ணின் துளைகள் அடைபடும். இரண்டு குழிகள் அமைத்து, நடுவில் திசைமாற்றும் வால்வு வைத்தால், ஒன்று வேலை செய்யும்போது மற்றது காய்ந்து தேறும். கழிவு வாயு உலோகத்தை அரிக்கும் என்பதால் பிவிசி வால்வே நல்லது. கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்று தேதியோடு எழுதி வைங்க.

செப்டிக் டேங்கே இல்லாத இரட்டைக் குழிக் கழிப்பறையில் இந்த வால்வுக்குப் பதில் ஒரு செங்கல் போதும். 'ஒய்' வடிவ சேம்பரில் ஒரு வாயை அடைத்துவிடுவார்கள். திடக்கழிவும் போகும் பாதையில் வால்வு வைத்தால் சிக்கிக்கொள்ளும்.

அந்தச் செங்கல்லில்தான் விஷயமே இருக்கு. நிறைந்த குழியை ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் மூடி வைத்தால் கழிவு மக்கி, கிருமிகள் பெரும்பாலும் அழிந்து, உரமாகிவிடும். 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் வாரங்கல் பகுதியில் உள்ள கங்கதேவிபள்ளி கிராமத்தில், அப்போதைய மத்திய குடிநீர், சுகாதாரத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயர் இப்படிப்பட்ட குழிக்குள் இறங்கி, மக்கியதை அள்ளிக் காட்டினார். இரண்டு வாயும் திறந்தே இருந்தால் இரண்டு குழியிலும் புதுக் கழிவு சேரும். அதை அள்ளுவது மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதுதான்.

செப்டிக் டேங்குக்கு இந்தச் சலுகை கிடையாது. உறிஞ்சுகுழியை மாற்றி மாற்றி ஓய்வு கொடுத்தாலும், டேங்கின் கசடு மக்கி உரமாகாது. 2-3 ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சும் லாரியை அழைக்கணும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். கழிவுநீர்க் குழியில் இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.